முகத்துக்குப் போட்ட வாக்கு

பிள்ளை,

போன கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். உன் அம்மாவுக்குக் கோபம். "ஓம் எண்டாவது சொல்லுங்கோ, இல்லை எண்டாவது சொல்லுங்கோ. பிள்ளை அங்க பாத்துக்கொண்டெல்லே இருக்கும்" என்று சொல்லிவிட்டு என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் திரிகிறாள். பதில் இதுதான். இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ கேட்டது என்னுடைய பொருள் இல்லை, ஊர்ச்சங்கத்து ஆட்களுடைய வாக்கு. எனவே அவர்களும் வாசிக்கட்டும் என்று பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டேன். உனக்குத் தமிழ் வாசிக்க வராது என்று தெரியும். உன் அலுவலகத்தில் யாராவது வாசித்துச் சொல்வார்கள். எங்கள் கதையை நீ எத்தனையோ மேடைகளில் ஆங்கிலத்தில் சொன்னாய். பக்கத்துக் கதிரையில் இருந்தவர்கள் சொல்லித்தான் எங்கள் கதை எங்களுக்கு விளங்கியது. ஒருமுறை நீயும் அப்படி இருந்து கேள்.

நீ கேட்டது சின்ன விஷயம் என்பது போலத்தான் கேட்டாய். கட்சிக்குப் புதிய தலைவர் தெரிவு வருகிறது, உங்கள் அணியின் ஆள் நிற்கிறார், அங்கத்துவத்தைப் புதுப்பித்தவர்கள் மட்டும்தான் வாக்குப் போடலாம். "அப்பா, போனமுறை எனக்குச் செய்தமாதிரி ஒருக்கா எங்கட ஆக்களைச் சேர்த்துத் தாங்கோ. யூ ஆர் சோ குட் அற் இற்" என்றாய். நான் இதில் கெட்டிக்காரன் என்ற இந்தக் கடைசி வசனத்தை எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அதைக் கேட்டதும்தான் வைத்தேன்.

சங்கத்து ஆட்களுக்காக இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளியில் நின்று பார்த்தால் பழமைவாதிகளின் நீலக் கட்சி ஒரே கட்சி. உள்ளே போனால் ஒரே கூரைக்குக் கீழே பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் இரண்டு குடும்பங்கள் மாதிரி. ஒரு பக்கம் பழைய ஆட்கள். குடும்பம், கோயில், சிக்கனம், ஊர் ஆஸ்பத்திரி என்று பேசுகிறவர்கள். இருப்பதை அவசரப்பட்டு இடிக்காதே என்பவர்கள். மற்றப் பக்கம் உன் ஆட்கள். அரசாங்கம் கையை எடுத்தால் போதும், எல்லாவற்றையும் சந்தை பார்த்துக்கொள்ளும் என்பவர்கள். நாங்கள் மீன் வாங்கப் போகிற சந்தை இல்லை இது. இது பிழையே விடாத ஒரு தெய்வம். எங்கள் தெய்வங்களே எவ்வளவோ பிழை விட்டிருக்கின்றன, அதைக் கோயிலில் வருடா வருடம் கதாப்பிரசங்கம் வைத்துச் சொல்கிறோம். உன் தெய்வம் மட்டும் விடாதாம்.

நான் அந்தக் கட்சியில் நீ சேர முன்னமே சேர்ந்தவன். வோல்ரர்தான் சேர்த்தார். அஜின்கோர்ட்டில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த கிழவர், தொகுதிக் கட்சிக்குத் தலைவர். குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக் குழாய் வெடித்தபோது கடையைப் பூட்டிவிட்டு வந்து, புதுக் குழாயை எப்படிப் பொருத்துவது என்று எனக்குக் காட்டித் தந்தவர். கூலி வாங்கவில்லை. "அக்கம்பக்கத்தவர்கள்" என்று ஒரு சொல் மட்டும் சொன்னார். அவர் பேசிய அரசியலும் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. பெரியவர்களை மதி, வீட்டைக் காப்பாற்று, உழைத்துச் சாப்பிடு, விழுந்தவனை ஊர் தூக்கிவிடவேண்டும். யாழ்ப்பாணத்தானுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. என்னைப் போல ஒரு பழமைவாதி ஸ்காபரோவில் கிடையாது என்று உன் அம்மா இன்றைக்கும் நக்கலடிப்பாள். அவள் நினைத்துச் சொல்வது கட்சியை இல்லை, நான் சமையலறையில் வைத்திருக்கிற சட்டங்களை.

நீ எப்போது மற்றப் பக்கம் போனாய் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. பிளாஸ்ரிக் தொழிற்சாலை மூடிய நாள் ஞாபகம் இருக்கிறதா? நீ பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தாய். என் பாதுகாப்புச் சப்பாத்தையும் சாப்பாட்டுப் பையையும் கொண்டு வீட்டுக்கு வந்து, இயந்திரங்களை மெக்சிக்கோவுக்கு ஏற்றப் போகிறார்களாம் என்றேன். அம்மா அழுதாள். நீ சாப்பாட்டு மேசையில் இருந்து, அது ஏன் சரியான முடிவு என்று விளக்கினாய். செலவு குறைந்த இடத்துக்கு வேலை போவதுதான் நியாயம், கடைசியில் எல்லோருக்கும் நன்மை என்று கையை விரித்து விரித்துச் சொன்னாய். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மகள் இவ்வளவு வடிவாக ஆங்கிலம் பேசுகிறாளே என்ற பெருமையில் வேலை போனது ஒரு நிமிடம் மறந்தே போய்விட்டது. அடுத்த நாள் சிவம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, வேலை போனதைச் சொல்ல முதல் நீ பேசியதைத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "உன்னை வேலையால நிப்பாட்டினதுக்கு உன்ர மகளே நியாயம் சொல்லுதோ? கெட்டிக்காரிதான்" என்றார். நான் அதையும் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

சிவம் அண்ணையை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நானும் உன் அம்மாவும் அகதிகளாக இங்கே வந்து இறங்கியபோது, மல்வேர்ன் மாடிக் கட்டடத்தில் இருந்த அவருடைய வீட்டில்தான் தங்கினோம். அவரும் மனைவி ஞானம் அக்காவும் தங்கள் அறையை எங்களுக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு, விறாந்தை என்று நாங்கள் சொல்லும் முன்னறையில் படுத்தார்கள். நீ பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அந்த வீட்டுக்குத்தான். ஞானம் அக்கா கோழிக்கறி ரின்களுக்கு லேபல் ஒட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்துவிட்டு வந்து, பகலில் உன்னை வைத்திருப்பா. உன் அம்மா அப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கினாள். அக்கா அதற்கு ஒன்றும் கேட்டதில்லை. அந்தக் கட்டடத்தில் அந்த வீட்டில்தான் அவ இன்றைக்கும் இருக்கிறா.

இனி உன் மேடைப் பேச்சுக்கு வருகிறேன். "என் பெற்றோர் வெறுங்கையோடு வந்தார்கள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அரசாங்கத்திடம் ஒரு சதமும் கேட்கவில்லை." எல்லா இடத்திலும் இதைத்தான் சொல்கிறாய், எல்லா இடத்திலும் இதற்குத்தான் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பச்சைப் பொய், பிள்ளை. நாங்கள் எல்லோரிடமும் கேட்டோம். சிவம் அண்ணையிடம் அறை கேட்டோம், கோயிலில் சோறு கேட்டோம், அரசாங்கத்திடம் உதவிப்பணம் கேட்டோம், கொடுத்தார்கள். நீ எழுத்து வாசிக்கப் பழகியது மல்வேர்ன் நூலகத்தில், அதுவும் இலவசம். நீ இதையெல்லாம் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கு ஞாபகம் இருக்கிற ஒன்றையும் சொல்லவா? உதவிப்பண அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என்னை ஏசியதை, நீதான் பக்கத்தில் நின்று எனக்கு மொழிபெயர்த்தாய். சின்னப் பிள்ளை. அவள் சொன்னதில் பாதியை நீ எனக்குச் சொல்லாமல் விட்டாய். உன் காது சிவந்திருந்தது. பேருந்தில் வரும்போது, "அப்பா, இனி நாங்கள் அங்க போகக்கூடாது" என்றாய். அந்த வெட்கத்தை நீ விடவேயில்லை. நாங்கள் அழித்துவிடக்கூடிய வெட்கம் அது; உனக்காக ஒருநாள் இருந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. பிறகு நீ அதற்குக் கோட் போட்டு, கொள்கை என்று பெயர் வைத்து மேடைக்குக் கொண்டுவந்துவிட்டாய்.

நீ வேட்பாளராக வந்த கதையையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதில் கை வைத்தவன் நான். தொகுதி வேட்பாளர் தெரிவுக்கு வோல்ரரும் நின்றார், நீயும் நின்றாய். அங்கத்தவரை அதிகம் பிடிப்பவர் வெல்வார். அந்த மாதம்தான் சிவம் அண்ணை கண்ணை மூடினார். அவருடைய அந்தியேட்டிச் சடங்குக்குக் கோயில் மண்டபம் நிறைந்த சனம். வடை, பாயசத்தோடு பந்தி நடக்க, நான் மேசை மேசையாகப் போனேன், கையில் கைத்தொலைபேசி. அங்கத்துவம் சேர்க்கிற பக்கத்தை நீதான் அதில் போட்டுத் தந்திருந்தாய். செத்தவர் வீட்டுச் சாப்பாட்டில் கட்சிக்கு ஆள் பிடித்தவன் என்று என்னை யாரும் சொல்லவில்லை. எங்கள் சனம் சொல்லாது. முதல் ஆளாகச் சேர்ந்தது ஞானம் அக்கா. கண் வீங்கியிருந்தது. "அவர் இருந்தா முதல் ஆளா அவரெல்லே போட்டிருப்பார்" என்று சொல்லிக்கொண்டு, கைத்தொலைபேசித் திரையில் வைக்க விரலை நீட்டினா. அவவைப் பார்த்து மற்றவர்கள் எல்லோரும் போட்டார்கள்.

உன் கட்சி எது, உன் கொள்கை என்ன என்று அந்த மண்டபத்தில் ஒருவர் கேட்கவில்லை. ஏன் கேட்கவேண்டும்? உன் வீட்டில் பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு நான் வந்தால், என் வீட்டுச் செத்தவீட்டுக்கு நீ வருவாய். அது கணக்கு இல்லை. கணக்குப் பார்க்கிறவனை நாங்கள் மனிசனாகவே மதிப்பதில்லை. முகத்துக்காக வருவது. வாக்குப் போடுகிற நாளும் அப்படித்தான் வந்தார்கள். பள்ளிக்கூட மண்டப வாசலில் பேருந்துகள் நிற்க, காஞ்சிபுரமும் கழுத்து நிறைய நகையுமாகச் சனம் இறங்கியது. ஒரு மனிசி உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "மணவறை எங்கை?" என்று பகிடி விட்டது. நீ அன்றைக்கு மேடையில் தனிமனித முயற்சி, போட்டி, யாரும் யாருக்கும் கடமைப்பட்டவர் இல்லை என்றெல்லாம் பேசினாய். கடமைக்காக வந்திருந்த அவ்வளவு சனமும் விளங்காமல் கைதட்டியது. நானும் தட்டினேன். உன் சந்தையில் உன்னை யாரும் வாங்கவில்லை, பிள்ளை. சிவம் அண்ணையின் முகத்துக்கும் என் முகத்துக்கும் நீ வென்றாய்.

வோல்ரர் தோற்றுப்போய் வந்து என் கையைப் பிடித்தார். "உனக்கு நண்பர்கள் அதிகம்" என்றார். அதில் ஒரு சொட்டு நஞ்சு இருந்திருந்தால் எனக்கு இன்றைக்கு ஆறுதலாக இருக்கும்.

பிறகு கட்சி மாநாடு வந்தது. என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் இருத்தினாய். வீட்டு வாடகை ஏற்றத்துக்கு அரசாங்கம் வைத்திருக்கிற எல்லையை எல்லாக் கட்டடங்களுக்கும் முழுதாக எடுத்துவிட வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் நீ. உன் அணிக்கு அது பெரிய வெற்றி என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். எதிர்த்துப் பேச எழுந்தவர் வோல்ரர் மட்டும்தான். தடியை ஊன்றிக்கொண்டு ஒலிவாங்கிக்கு வந்தார். "மல்வேர்னில் வயதான பெண்கள் இருக்கிறார்கள். நமக்கு வாக்குப் போட்டவர்கள். அவர்கள் வீட்டையே காப்பாற்ற முடியாவிட்டால், நாம் காப்பாற்ற நினைப்பது எதை?" என்றார். உன் பக்கத்துப் பிள்ளைகள், நீலக் கழுத்துப்பட்டி கட்டியவர்கள், எதிர்க்கட்சிக்குப் போ என்று கத்தினார்கள். கிழவர் பேச்சை முடிக்கவில்லை. நீ கத்தவில்லை, அதை நான் பார்த்தேன். ஆனால் சிரித்தாய். அதையும் பார்த்தேன். தீர்மானம் நிறைவேறியது. இன்னும் சட்டம் ஆகவில்லை. உங்கள் ஆள் தலைவராக வந்தால் ஆகும். அதற்குத்தான் இப்போது என்னிடம் ஆள் கேட்கிறாய்.

வரும் வழியில் காரில் கேட்டேன், "ஞானம் அக்காவின்ர வீட்டுக்கும் உதுதானோ?" என்று. "அப்பா, இற்ஸ் நொற் பேர்சனல்" என்றாய், தனி ஆள் ஒருவரைக் குறித்துச் செய்வதில்லையாம். "முதல் கொஞ்சம் நோகும். பிறகு வீடுகள் கனக்கக் கட்டுவினம், வாடகை தானா இறங்கும்" என்றாய். எப்போது என்று கேட்டேன். காலப்போக்கில் என்றாய். நீ படித்தவள். உன் கணக்கு சரியாகவும் இருக்கலாம், நான் அதில் வாதாட வரவில்லை. ஆனால் அக்காவுக்கு வயது என்ன என்று உனக்குத் தெரியும். உன் காலம் போய் முடிகிற இடத்துக்கு அவ வரமாட்டா. வாடகை ஏறினால் பிள்ளைகளோடு போய் இருக்கலாம் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். அவ தன் இடத்தை எங்களுக்கு விட்டது போல, பிள்ளைகள் அவவுக்கு விடவேண்டும், இல்லையா? அப்படிப் பார்த்தால் கடைசியில் உன் சந்தையும் யாரோ ஒருத்தியின் விறாந்தையை நம்பித்தான் நிற்கிறது.

உன் தொலைபேசியை வைத்ததற்கு அடுத்த நாள் நான் மல்வேர்னுக்குப் போனேன். ஆள் சேர்க்கப் போகவில்லை. போனமுறை என்ன ஏது என்று சொல்லாமல் சேர்த்துவிட்டேன், இந்தமுறை கேட்டு வந்தால் சேராதேங்கோ என்று வாயால் சொல்லிவிட்டு வரப் போனேன். அக்கா கதவைத் திறந்து, "வாரும் தம்பி" என்று சொல்லித் தேத்தண்ணீர் வைக்கப் போனா. முழங்கால் நோவுக்குச் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடக்கிறா. குசினியில் நின்றபடியே கதைத்தா.

"நீர் ஏன் வந்தனீர் எண்டு தெரியும். பிள்ளை கேட்டிருக்கும். போனைக் கொண்டாரும், எங்க விரல் வைக்கிறது எண்டு காட்டும்."

"இல்லை அக்கா. அந்த ஆள் வந்தால் உங்கட வாடகையைக் கட்டடக்காரர் நினைச்சபடி ஏத்தலாம். உது உங்கட வீட்டுக்கு எதிரானது."

"தெரியும். என்ர பெடி வாசிச்சுச் சொன்னவன். பிள்ளை பேசினதையும் காட்டினவன். என்ன வடிவாக் கதைக்குது."

"தெரிஞ்சுமோ அக்கா போடுறன் எண்டுறீங்கள்?"

தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னை ஒரு விசரனைப் பார்ப்பது போலப் பார்த்தா. "பிறகென்ன? பிள்ளை கேட்டு நான் இல்லை எண்டு சொல்லுறதே? அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. அது தோத்துப்போய் நிண்டா உமக்குத்தான் வெக்கம், எனக்குத்தான் கவலை. வீடு என்ன வீடு, கடவுள் ஒரு இடம் காட்டுவார்."

நான் கைத்தொலைபேசியை வெளியே எடுக்கவில்லை. தேத்தண்ணீரைக் குடித்தேனோ விட்டேனோ தெரியாது. காருக்குள் வந்து இருந்து அழுதேன். தொழிற்சாலை மூடியபோது நான் அழவில்லை.

ஆகவே என் பதில், இல்லை. சங்கத்து ஆட்களே, என் மகளுக்காக என் முகத்தைப் பார்த்து இனி ஒன்றும் போடவேண்டாம். என் அங்கத்துவத்தை நான் விடவில்லை. அந்த ஒரு வாக்கு பழைய ஆட்களின் வேட்பாளருக்கு. வோல்ரரிடமும் சொல்லிவிட்டேன். இதற்காக நீ என் வீட்டுக்கு வராமல் விடலாம், அம்மா என்னோடு இன்னும் எத்தனை நாளும் பேசாமல் இருக்கலாம். அவளுக்கு நீ ஜெயிக்கவேண்டும், எப்படி என்பது அவளுக்கு முக்கியமில்லை. நானும் நேற்றுவரை அப்படித்தான் இருந்தேன்.

உனக்கு அந்த வாக்குகள் வேண்டுமென்றால், நீ இருக்கிற பிக்கரிங்கிலிருந்து அந்தக் கட்டடம் அப்படியொன்றும் தூரமில்லை. நீயே வந்து கதவைத் தட்டு. உனக்குத் தெரிந்த தமிழில், வாடகைக் கதை முழுவதையும் மறைக்காமல் சொல்லு. ஞானம் அக்கா உன்னை இருத்தி, சாப்பிட்டியோ என்று கேட்டுவிட்டு, விரலை நீட்டுவா. நீயும் வாங்கிக்கொண்டு போவாய் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரம் உன் பக்கத்தில் நிற்க என்னால் முடியாது.

அப்பா